ஃபுல் டேங்க் போட்டா டிக்கி முழுக்க பெட்ரோல் வாடை, கோப்ரா ரெப்ளிகா வென்ட் லீக், யாராவது வழி சொல்லுங்க

கோப்ரா_கனவு:

வணக்கம் மக்களே, இவ்ளோ நாளா ஓரமா உக்காந்து படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்ப வேற வழியில்லாம எழுதுறேன். என்கிட்ட ஒரு கோப்ரா ரெப்ளிகா இருக்கு, அதாவது 1960கள்ல வந்த ஷெல்பி கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரோட நகல், 427 மாடல் பாடி, ஃபைபர், கீழ ட்யூப் சேசிஸ், கார்புரேட்டர் வச்ச வி8, சைடு பைப். முழுசா நான் கட்டினது கிடையாது, ஒருத்தர் பாதில விட்டத வாங்கி மீதிய நான் முடிச்சேன். டேங்க், பார்ட்ஸ் எடுக்கறதுக்காக பிரிச்ச டோனர் கார்ல இருந்து வந்த இரும்பு டேங்க், 58 லிட்டர், டிக்கி தரைக்கு நேர் கீழ ரெண்டு ஸ்ட்ராப்ல தொங்குது. மூடி வலது பின் ஃபெண்டர் மேல, பழைய ரேஸ் கார் மாதிரி தட்டினா டக்குன்னு திறக்குமே அந்த டைப்.

பிரச்சனை என்னன்னா, அரை டேங்க் வரைக்கும் ஒண்ணுமே தெரியாது. ஃபுல் பண்ணிட்டு வெயில்ல ஒரு ரெண்டு மணி நேரம் நிறுத்தினா போதும், டிக்கிய திறந்தா மூஞ்சில அடிக்கிற மாதிரி வாடை. கீழ படுத்து டார்ச் அடிச்சு பார்த்தா டேங்க் மேல காத்தும் ஆவியும் போய் வர்ற வென்ட் வால்வு இருக்கே, அத பிடிச்சிட்டு நிக்கிற ரப்பர் குரோமெட்ட (ஓட்டைல மாட்டுற ரப்பர் வளையம்) சுத்தி ஈரம், அங்கேருந்து புழுதில ஒரு கோடு போட்டு ஓரம் வரைக்கும் வழிஞ்சிருக்கு. குரோமெட் ரெண்டு தடவ மாத்திட்டேன். மூணாவது தடவ கடுப்பாகி சுத்தி சிலிக்கான் வச்சு பூசினேன், பத்து நாள்ல அது ஜெல்லி மாதிரி ஆகி விரல்லயே உரிஞ்சு வந்துடுச்சு.

இன்னொரு விஷயம், சம்பந்தம் இருக்கா தெரியல. மூடிய திறந்தா புஸ்ஸுன்னு ஒரு சத்தம், சோடா பாட்டில் மாதிரி. அப்புறம் ஹைவேல அரை மணி நேரம் ஓட்டினா சில சமயம் வண்டி இழுக்காம மூச்சு வாங்கும், அதுக்கு கார்புரேட்டர்ல ஜெட் மாத்தி ஃப்ளோட் மட்டம் மாத்தி ஒரு மாசம் போச்சு, சரியாகல. வீட்ல இந்த வண்டில ஏற மாட்டேன்னு சொல்லியாச்சு, துணியெல்லாம் பெட்ரோல் பங்க் வாடையாம். குரோமெட்டுக்கு பதிலா வேற ஏதாவது வழி இருக்கா, இல்ல டேங்கையே மாத்தணுமா?

சுத்தியல்_சாமி:

பாட்டரி எங்க இருக்கு ப்ரோ? இந்த மாதிரி வண்டில நிறைய பேர் டிக்கிலதான் வச்சிருப்பாங்க. அப்படின்னா இத படிச்சு முடிக்கறதுக்கு முன்னாடி டிக்கிய திறந்து நல்லா காத்தாட விடுங்க, அப்புறம் டெர்மினல கழட்டுங்க, ஆவி நிக்கறப்ப கழட்டினா அந்த பொறியே போதும். பெட்ரோல் ஆவி காத்தவிட மூணு நாலு மடங்கு கனம், மேல போகாது, டிக்கி மூலைல தண்ணி மாதிரி தேங்கி நிக்கும். காத்துல 1.4 சதவீதம் கலந்தாலே பத்திக்கும். மத்த ரிப்பேர் எல்லாம் அப்புறம்.

கோப்ரா_கனவு:

டிக்கிலதான் இருக்கு. காத்தாட விட்டு கழட்டிட்டேன். கை கொஞ்சம் நடுங்குச்சு உண்மைய சொன்னா.

பழைய_இரும்பு:

தம்பி, நீங்க சம்பந்தம் இருக்கா தெரியலன்னு கடைசில ஒதுக்கி வச்ச ரெண்டும்தான் இங்க விஷயமே. குரோமெட் மேல தப்பு இல்ல, அது பாவம். அடுப்புல குக்கர் விசில் அடைச்சிக்கிட்டா கேஸ்கெட் ஓரமா ஆவி சீறும் இல்லையா, அதுக்கு கேஸ்கெட்ட மாத்திட்டே இருந்தா எப்படி.

வென்ட்டுக்கு ரெண்டு வேலை. எஞ்சின் பெட்ரோல குடிக்க குடிக்க அந்த இடத்துக்கு வெளிக்காத்து உள்ள வரணும், வெயில்ல பெட்ரோல் விரிஞ்சா ஆவி வெளிய போகணும். பெட்ரோல் ஒரு டிகிரி சூடானா ஆயிரத்துல ஒரு பங்கு கிட்ட விரியும். 58 லிட்டர் நிரப்பி, நிலத்தடி தொட்டில இருந்து வந்த குளிர்ந்த பெட்ரோல் வெயில்ல 20 டிகிரி ஏறிச்சுன்னா ஒரு லிட்டருக்கு மேல விரிஞ்சிடும். கழுத்து வரைக்கும் நிரப்பி வச்சிருந்தா அந்த ஒரு லிட்டர் எங்க போகும்? வென்ட் திறந்திருந்தா ஹோஸ் வழியா போகும், அடைச்சிருந்தா எது பலவீனமோ அது வழியா போகும். உங்க வண்டில அது குரோமெட்.

இப்ப ஒண்ணு கவனிச்சு சொல்லுங்க. அந்த புஸ், காத்து வெளிய வர்ற புஸ்ஸா இல்ல உள்ள இழுக்கிற புஸ்ஸா? வெயில்ல நின்ன பிறகு திறந்தா ஒரு மாதிரியும் ஹைவே ஓட்டிட்டு வந்து திறந்தா வேற மாதிரியும் இருக்கும்னு நினைக்கிறேன். மூடிகிட்ட ஒரு சின்ன காகிதத்த பிடிச்சு பாருங்க. உள்ள இழுத்துச்சுன்னா அந்த மூச்சு வாங்குற வியாதியும் இதேதான், டேங்க்குள்ள வெற்றிடம் ஏறி பம்பு பெட்ரோல இழுக்க முடியாம தவிக்குது. கார்புரேட்டர் ஜெட்ட பழையபடி மாத்தி வச்சிடுங்க.

அப்புறம் அந்த வென்ட் ஹோஸ் வால்வுல இருந்து கிளம்பி எந்த வழியா போய் எங்க முடியுதுன்னு விரல வச்சு தடவிட்டே போய் பார்த்து எழுதுங்க. கண்ணால பார்த்தா போதாது, தடவணும். எங்கேயாவது கீழ தொங்கி மறுபடி மேல ஏறுதா பாருங்க, சிங்க் கீழ இருக்குற வளைஞ்ச பைப்புல தண்ணி நிக்குமே, அதே மாதிரி அந்த தொங்கல்ல பெட்ரோல் நின்னு வழிய அடைச்சிக்கும். என் பந்தயம் அதுதான்.

நட்டு_போல்ட்டு:

இதுக்கு இவ்ளோ கஷ்டமா? மூடில 2 எம்எம் ட்ரில் போட்டு ஒரு ஓட்டை, முடிஞ்சது வேலை. நான் என் பழைய பைக்ல அப்படித்தான் பண்ணேன், இன்னிக்கு வரைக்கும் ஓடுது.

பழைய_இரும்பு:

பைக்ல மூடி டேங்குக்கு நேர் மேல உச்சில இருக்கு. இவர் வண்டில மூடி வலது ஓரத்துல இருக்கு. இடது பக்கம் வேகமா திரும்பினா பெட்ரோல் முழுக்க வலது பக்கம் அலை மாதிரி எழும்பி கழுத்து வழியா மேல ஏறும். அந்த ஓட்டை வழியா பீச்சி அடிச்சு நேரா வலது பின் டயர் மேலயும் பெயிண்ட் மேலயும் விழும். வளைவுல, பின் டயர்ல, பெட்ரோல். யோசிச்சு பாருங்க. வண்டி கவிழ்ந்தா அது ஓட்டை இல்ல, குழாய். அந்த வென்ட் வால்வு உள்ள ஒரு குண்டு வச்சிருக்கிறதே கவிழ்ந்தா அடைச்சிக்கத்தான்.

கோப்ரா_கனவு:

அண்ணே, காகிதம் உள்ள இழுத்துக்கிச்சு!! நாப்பது நிமிஷம் ஓட்டிட்டு வந்து மூடிய லேசா தூக்கினேன், டிஷ்யூ பேப்பர் அப்படியே ஒட்டிக்கிச்சு. (ஓட்டறப்ப டிக்கி மூடிய எடுத்துட்டேன், பாட்டரிய சீட் பின்னாடி தற்காலிகமா இறுக்கி கட்டினேன், யாரும் திட்டாதீங்க.)

டேங்க் கால்வாசி வர்ற வரைக்கும் பெட்ரோல வடிச்சிட்டு ஸ்ட்ராப்ப இறக்கினேன். ஹோஸ் 6 எம்எம், வால்வுல இருந்து கிளம்பின உடனே 90 டிகிரி திரும்பணும், ஆனா டேங்க் மேல் தகட்டுக்கும் டிக்கி அலுமினிய தரைக்கும் நடுவுல ரெண்டு விரல் கூட போகாது, அந்த இடத்துல ஹோஸ் மடங்கி நசுங்கி தோசை மாதிரி தட்டையா இருக்கு. ஸ்ட்ராப்ப இறுக்கும்போதெல்லாம் நானே அத நசுக்கியிருக்கேன். குரோமெட் மாத்த மாத்த இன்னும் நல்லா இறுக்கினேன், அதான் ஒவ்வொரு தடவையும் மோசமாச்சு போல. நீங்க சொன்ன தொங்கலும் இருக்கு, டிஃபரன்ஷியல் பக்கத்துல, அதுல இருந்து ஒரு டம்ளர் பெட்ரோல் வந்துச்சு.

பழைய_இரும்பு:

பாதி பந்தயம் எனக்கு. நசுங்கல் நான் யோசிக்கல, ஆனா இது தொங்கல விட மோசம். தொங்கல்ல ஒரு சாண் பெட்ரோல் நின்னாலும் கொஞ்சம் அழுத்தம் வந்தா தள்ளிட்டு போயிடும், நசுங்கின ஹோஸ் வழியே விடாது.

புது ஹோஸ் 8 எம்எம் போடுங்க, பெட்ரோலுக்கு உள்ள ஹோஸ்தான், மேல எஸ்ஏஈ ஜே30ஆர்7 இல்ல ஆர்9ன்னு அச்சடிச்சிருக்கணும், அச்சு இல்லாத ஹோஸ தொடாதீங்க. வால்வுல இருந்து வெளிய வர்ற இடத்துல ஹோஸ வளைக்க பாக்காதீங்க, இடம் இல்ல, எல் வடிவ மெட்டல் நிப்பிள் ஒண்ணு வைங்க இல்லன்னா அந்த இடத்துக்கு மேல டிக்கி தரைல வட்டமா வெட்டி ஒரு சின்ன கிண்ணம் கவுத்த மாதிரி மூடி போட்டு ரிவெட் அடிங்க. நான் பண்றதா இருந்தா ரெண்டாவதுதான், நாளைக்கு வால்வ கழட்டணும்னாலும் மேல இருந்தே கை போகும், டேங்க இறக்க வேண்டாம்.

வழி: வால்வுல இருந்து ஏறிட்டே போகணும், எங்கயும் இறங்கி ஏறக் கூடாது. ஃபெண்டர் உள்பக்கமா மூடி மட்டத்துக்கு மேல ஒரு வளையம், அங்கேருந்துதான் கீழ. அந்த உச்சி வளையம் இல்லன்னா, ஃபுல் டேங்க்ல வண்டிய சரிவுல நிறுத்தறப்ப ஹோஸ்ல ஒரு தடவ பெட்ரோல் நிறைஞ்சதுன்னா சைஃபன் மாதிரி பிடிச்சிக்கிட்டு டேங்க் மட்டம் இறங்கற வரைக்கும் ஒழுகிட்டே இருக்கும். கீழ முடியற நுனி சேசிஸ் வெளில, பின்னாடி பாத்து சாய்வா வெட்டி விடுங்க. சைடு பைப் இருக்கிறதால எக்சாஸ்ட் பின்னாடி வராது, அந்த ஒரு தலைவலி உங்களுக்கு இல்ல.

குளவி_வேட்டை:

நுனில சின்ன மெஷ் ஒண்ணு மாட்டுங்க. எனக்கும் இதே வியாதி, மூணு மாசம் அலைஞ்சேன், கடைசில பார்த்தா ஹோஸ் நுனில குளவி மண்ணு வச்சு கூடு கட்டி சிமெண்ட் மாதிரி அடைச்சிருக்கு. குச்சி விட்டு நோண்டினா உள்ள குடும்பமே இருக்கு. சிரிக்காதீங்க, பெரிய கம்பெனி காருக்கே இது நடந்திருக்கு, 2014ல மாஸ்டா 6 கார் 42,000 கிட்ட அமெரிக்கால திரும்ப கூப்பிட்டாங்க, வென்ட் ஹோஸ்ல சிலந்தி வலை கட்டி டேங்க்ல வெற்றிடம் ஏறி டேங்க் வெடிப்பு விடலாம்னு. அந்த சிலந்திக்கு பெட்ரோல் வாடை பிடிக்குமாம்.

வால்வையும் விட்டுடாதீங்க. கழட்டி கைல வச்சு காதுகிட்ட குலுக்குங்க, குண்டு கடகடன்னு ஆடணும். நல்லா கழுவி காய வச்சிட்டு ஒரு துண்டு ஹோஸ் மாட்டி ஊதுங்க, நேரா பிடிச்சா காத்து போகணும், தலைகீழா கவுத்தா நிக்கணும். ரெண்டு பக்கமும் போச்சுன்னாலோ ரெண்டு பக்கமும் நின்னாலோ குப்பை. மாட்டும்போது செங்குத்தா நிக்கணும், சாஞ்சா குண்டு பாதி வழில உக்காந்துக்கும்.

கோப்ரா_கனவு:

வால்வு நல்லா இருக்கு, குண்டு ஆடுது, கவுத்தா நிக்குது. டிக்கி தரைல வெட்டிட்டேன், முதல் தடவ ஜிக் சா பிடிச்சது, வட்டம் வட்டமா இல்ல, முட்டை மாதிரி வந்துடுச்சு, மூடி போட்டா தெரியாது. பெட்ரோல் ஆவி இருக்கிற இடத்துல வெட்டலப்பா, தரை தகட்டையே கழட்டி வெளிய கொண்டு போய்தான் வெட்டினேன்.

டேங்க திரும்ப ஏத்தறதுக்கு முன்னாடி லீக் டெஸ்ட் பண்ணிடலாம்னு பாக்கறேன். கம்ப்ரசர் வச்சு 5 பிஎஸ்ஐ காத்தழுத்தம் கொடுத்தா போதுமா?

பழைய_இரும்பு:

ஐயோ வேண்டாம்! ஒரு பிஎஸ்ஐன்னா சதுர சென்டிமீட்டருக்கு 70 கிராம்தான், ஆனா டேங்க் மேல் தகடு 60க்கு 80 சென்டிமீட்டர்னு வச்சுக்கோங்க, மொத்தமா 330 கிலோவுக்கு மேல தள்ளும். அஞ்சு கொடுத்தா டேங்க் பலூன் ஆயிடும். அரை பிஎஸ்ஐ போதும். மீட்டர் எதுவும் வேண்டாம், கொத்தனார் தண்ணி மட்டம் பாக்கற ட்யூப் இருக்கே, அந்த மாதிரி தெளிவான ட்யூப் ஒண்ணு எடுத்து யு மாதிரி தொங்கவிட்டு பாதி வரைக்கும் தண்ணி ஊத்துங்க. ஒரு முனை டேங்க் வென்ட்ல, இன்னொரு முனை திறந்து இருக்கட்டும். மத்த ஓட்டை எல்லாத்தையும் அடைச்சிட்டு சைக்கிள் பம்பால மெதுவா அடிங்க, ரெண்டு பக்க தண்ணி மட்டத்துக்கும் 35 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தா அரை பிஎஸ்ஐ. நிறுத்திட்டு பத்து நிமிஷம் பாருங்க. வெயில் படாத இடமா இருக்கணும், வெயில் பட்டா டேங்க் சூடாகி மட்டம் தானா ஏறி உங்கள ஏமாத்தும். இறங்கிச்சுன்னா சோப்பு தண்ணிய பிரஷ்ல தடவிட்டே போங்க. எல்லாம் திறந்த வெளில.

குரோமெட்டுக்கு சிலிக்கான் ஆகவே ஆகாது, பெட்ரோல் பட்டா ஊறி உப்பி உரிஞ்சிடும், நீங்களே பார்த்துட்டீங்க. பெட்ரோல தாங்கற வைட்டான் ரப்பர் குரோமெட் கிடைச்சா வாங்குங்க, ஓட்டை விளிம்புல துரு, பிசிறு இருந்தா நைஸ் எமரி தாள்ல தேய்ச்சு வழவழன்னு ஆக்கிட்டு லேசா எஞ்சின் ஆயில் தொட்டு அழுத்துங்க, வேற ஒண்ணும் பூச வேண்டாம்.

கோப்ரா_கனவு:

அப்டேட். தண்ணி ட்யூப் வேலை சூப்பர், பக்கத்துல எட்டிப் பார்த்த எல்லாரும் என்னடா சயின்ஸ் எக்ஸிபிஷனான்னு கேட்டாங்க. முதல் தடவ 35ல இருந்து 20க்கு இறங்கிச்சு. சோப்பு தடவினா பெட்ரோல் அளவு காட்டுற ஃப்ளோட் யூனிட் கேஸ்கெட் ஓரத்துல குட்டி குட்டியா மீன் முட்டை மாதிரி நுரை. கார்க் கேஸ்கெட், தொட்டா பொடியா உதிருது. புதுசு மாத்தின பிறகு பத்து நிமிஷம் அசையாம நின்னுச்சு. எல்லாம் ஏத்தி ஃபுல் டேங்க் போட்டு வெயில்ல நிறுத்தினேன். புஸ் இல்ல. ஈரம் இல்ல. ஹைவேல மூச்சு வாங்கறது போயே போச்சு.

ஆனா வாடை இருக்கு!! முன்ன மாதிரி மூஞ்சில அடிக்கல, ஆனா டிக்கிய மூடி வச்சு காலைல திறந்தா தெரியுது. எங்கயும் ஈரம் கிடையாது. பைத்தியம் பிடிக்குது.

சுத்தியல்_சாமி:

ஈரம் இல்லாம வாடை வருதுன்னா ரப்பர் வழியா ஊறி வருது. ஒரு வேலை பண்ணுங்க, வெள்ளை துணிய நாலஞ்சு துண்டா கிழிச்சு ஒவ்வொரு ஹோஸ் மேலயும் ஒண்ணு சுத்தி கட்டி ராத்திரி முழுக்க விடுங்க. காலைல ஒவ்வொண்ணா தனியா வெளிய எடுத்துட்டு போய் முகர்ந்து பாருங்க. எந்த துணி நாறுதோ அந்த ஹோஸ்தான் திருடன். மேல பளபளன்னு ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் இருந்தா அதுல முதல் துணிய கட்டுங்க, பார்க்கத்தான் அழகு, உள்ள சாதாரண ரப்பரா இருந்தா ஆவிய விட்டுட்டே இருக்கும். உள்ள டெஃப்லான் குழாய் வச்ச டைப்தான் வாடை விடாது.

கோப்ரா_கனவு:

துணி டெஸ்ட் முடிஞ்சது. ஸ்டீல் பின்னல் ஹோஸ் துணில லேசா வாடை. ஆனா மூடில இருந்து டேங்குக்கு போற பெரிய ஹோஸ் மேல கட்டின துணி, அப்பா, தூரத்துல இருந்தே தெரியுது. கிளாம்ப கழட்டி பார்த்தேன், தொட்டா கொழகொழன்னு இருக்கு, விரல்ல கருப்பு ஒட்டுது, உள்பக்கம் உப்பி சுருங்கி கிடக்கு. மேல அழுக்க துடைச்சா எழுத்து தெரியுது, கூலன்ட்டாம். முன்னாடி கட்டினவர் ரேடியேட்டர் ஹோஸ வெட்டி போட்டிருக்கார்!

பழைய_இரும்பு:

ரேடியேட்டர் ஹோஸ் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர், சுடுதண்ணிக்கு ராஜா, பெட்ரோலுக்கு பஞ்சு. வளைஞ்ச வடிவம் ரெடியா கிடைக்குதேன்னு நிறைய பேர் போடுறாங்க, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பிய்ஞ்சு டிக்கில டேங்க் கொட்டியிருக்கும். பெட்ரோல் ஃபில்லர் ஹோஸ்னே கேட்டு வாங்குங்க, ஒவ்வொரு முனைலயும் ரெண்டு கிளாம்ப்.

அது கழட்டி இருக்கும்போதே இன்னொண்ணு பாருங்க. உங்க மூடி ஃபைபர் பாடில நிக்குது, கீழ ரப்பர் ஹோஸ். ரெண்டுமே கரண்ட் கடத்தாது, அதனால அந்த மெட்டல் கழுத்து அந்தரத்துல இருக்கு. பெட்ரோல் ஊத்தும்போது வர்ற ஸ்டாட்டிக் சார்ஜ் இறங்க வழி இல்லாம நின்னு, பங்க் நாசில் பக்கத்துல வந்தா பொறி தட்ட வாய்ப்பு இருக்கு. கழுத்துல இருந்து சேசிஸுக்கு ஒரு எர்த் வயர் இருக்கா?

கோப்ரா_கனவு:

இல்ல. இவ்ளோ நாள் அப்படியேதான் ஊத்திட்டு இருந்திருக்கேன்.

குளவி_வேட்டை:

வயர் போட்டுட்டு மல்டிமீட்டர் வச்சு பாருங்க, கழுத்துக்கும் சேசிஸுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஜீரோ ஓம் காட்டணும். பெயிண்ட சுரண்டிட்டு மாட்டுங்க, பெயிண்ட் மேல மாட்டினா அது வெறும் அலங்காரம்.

கராஜ்_ராத்திரி:

லேட்டா வர்றேன். இதெல்லாம் பண்ணியும் மூடின கராஜ்ல வச்சா வென்ட் நுனில இருந்து கொஞ்சம் வாடை வரத்தான் செய்யும், ஏன்னா அது திறந்த வழி. அதுக்குத்தான் கம்பெனி கார்ல கரி டப்பா இருக்கும், அமெரிக்கால 1971 மாடல்ல இருந்து எல்லா காருக்கும் ஆவிய வெளிய விடக் கூடாதுன்னு சட்டமே வந்துடுச்சு. டோனர் கார்லயும் இருந்திருக்கும், ரெப்ளிகா கட்டறவங்க முதல்ல தூக்கி எறியறதே அதத்தான். வென்ட் ஹோஸோட அந்த உச்சி வளையத்துக்கு அப்புறம் கரி டப்பாவ மாட்டுங்க, ஆவிய கரி பிடிச்சு வச்சுக்கும், எஞ்சின் ஓடும்போது அத இழுத்து எரிச்சிடும். டப்பாக்குள்ள திரவமா பெட்ரோல் போச்சுன்னா கரி வீணாயிடும், அதனால ஃபுல் பண்ணும்போது நாசில் முதல் தடவ டக்குன்னு நின்ன உடனே விட்டுடணும், ரவுண்டா வரட்டும்னு மேல மேல அமுக்கக் கூடாது.

கோப்ரா_கனவு:

அந்த ரவுண்டா வரட்டும் பழக்கம் எனக்கு உண்டு, விட்டுடறேன். கரி டப்பால இருந்து எஞ்சினுக்கு போற லைன கார்புரேட்டர் கீழ மேனிஃபோல்ட்ல நேரா கொடுக்கலாமா? அங்க ஒரு நிப்பிள் சும்மா இருக்கு.

கராஜ்_ராத்திரி:

நேரா வேண்டாம், ஐடில்ல இழுத்துட்டே இருக்கும், எஞ்சின் ஆடும். நடுவுல பர்ஜ் வால்வு (தேவைப்படும்போது மட்டும் ஆவிய எஞ்சினுக்கு திறந்து விடுற வால்வு) வைங்க, இல்லன்னா சிம்பிளா ஏர் கிளீனர்ல ஃபில்டர் தாண்டின உள்பக்கம் ஒரு நிப்பிள் போட்டு கொடுங்க. மெதுவாத்தான் இழுக்கும், ஆனா ஒரு தொந்தரவும் தராது.

கோப்ரா_கனவு:

ஏர் கிளீனர் வழியே போறேன். ஃபில்லர் ஹோஸ் புதுசு போட்டாச்சு, எர்த் வயரும் போட்டாச்சு, மீட்டர்ல 0.2 ஓம் காட்டுது. டெஃப்லான் ஹோஸ் வர நாலு நாள் ஆகுமாம். நேத்து ராத்திரி டிக்கிய மூடி வச்சு காலைல வீட்ல கூப்பிட்டு முகர்ந்து பார்க்க சொன்னேன், இன்னும் லேசா வருதுங்கறாங்க, எனக்கு ஒண்ணும் தெரியல, ஆனா என் மூக்க இந்த ஒரு மாசத்துக்கப்புறம் நானே நம்ப மாட்டேன். நாலு நாள் கழிச்சு வந்து சொல்றேன்.